ரெங்கிஸ் பாறை இடுக்கில் பச்சை நாடா: இது என்ன புழு?

பந்திங்_டைவர்

வணக்கம். போன வாரம் பந்திங்கிலிருந்து எங்கள் கூட்டம் தியோமான் தீவுக்குப் போய் வந்தது. சாயங்காலம், வெளிச்சம் இறங்கும் நேரத்தில் ரெங்கிஸ் தீவைச் சுற்றி இறங்கினோம். சுமார் 8 மீட்டர் ஆழத்தில் செத்த பவளப் பாறை ஒன்று பாதி மணலில் புதைந்து கிடந்தது. அதன் அடியில் விரல் நுழையும் அளவு ஒரு இடுக்கு, அந்த இடுக்கிலிருந்து கரும்பச்சை நிறத்தில் நாடா மாதிரி ஒன்று வெளியே வந்து மணல்மேல் நீண்டு கிடந்தது. முதலில் கடல்பாசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டோம். ஆனால் அந்தப் பக்கம் நீரோட்டமே இல்லை, அது மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, அதனால்தான் திரும்பி வந்து பார்த்தேன்.

நீளம் என் கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் ஒரு சென்டிமீட்டர் இருக்கலாம். நுனி மட்டும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் சுருண்டு, மணலைத் தடவிக்கொண்டே போனது. கண் இல்லை, கால் இல்லை, முள் இல்லை, எனக்குத் தெரிந்தவரை ஒன்றும் இல்லை. டார்ச்சை நேராக அடித்ததும் மொத்தமும் தடித்துச் சுருங்கி இடுக்குக்குள் போய்விட்டது.

கைப்பேசிச் செயலியில் படத்தைப் போட்டால் ஒரு தடவை பாபிட் புழு என்கிறது, இன்னொரு தடவை விலாங்கு என்கிறது. யாராவது சரியாகச் சொல்ல முடியுமா? கடிக்குமா, நச்சு உண்டா என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் அடுத்த தடவை பிள்ளைகளையும் அழைத்துப் போவதாக இருக்கிறோம்.

சுங்கை_மங்கிஸ்

இடுக்கிலிருந்து வருகிறது, வெளிச்சம் பட்டால் உள்ளே போகிறது என்றால் பாபிட் புழுதான். வீடியோவில் பார்த்திருக்கிறேன், மீனையே ஒரே இழுப்பில் மண்ணுக்குள் இழுத்துவிடும். கையை விடாமல் இருந்ததே நல்லது. பிள்ளைகளைக் கூட்டிப்போவதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

மோரிப்_தூண்டில்

தம்பி, நான் டைவிங் செய்கிற ஆள் இல்லை. ஆனால் புழுவைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், பல வருடமாக மோரிப் பக்கமும் கேரித் தீவுப் பக்கமும் தூண்டில் போடுகிறவன். நாங்கள் இரைக்குப் போடும் ருவாட் பாக்காவ் என்ற புழு பாக்காவ் காட்டுச் (அலையாத்திக் காடு) சேற்றில் கிடைப்பது. அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உடம்பு முழுக்கக் கணுக் கணுவாக இருக்கும், ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கம் சின்னக் கால் மாதிரி நீட்டிக்கொண்டு துடிக்கும், அந்தக் காலோரத்தில் சிவப்பாகச் செவுள் தெரியும், உள்ளே ஓடும் ரத்தம்தான் அந்தச் சிவப்பு. கையில் ஊரும்போதே அந்த முடிகள் சொரசொரவென்று இருப்பது தெரியும். தலையை லேசாக அழுத்தினால் கறுப்புத் தாடை வெளியே வரும்.

இந்தப் புழுவுக்கு அறிவியல் பெயர் வைத்தே அதிக நாள் ஆகவில்லை. 2014இல்தான் புது இனம் என்று விவரித்து மார்ஃபிசா மோரிபிடிஐ என்று பெயர் கொடுத்தார்கள். நம் மோரிப் பெயர்தான் அதில் இருக்கிறது! தோட்டத்துப் பையன்கள் காலங்காலமாக வாளியில் அள்ளிக்கொண்டு போன புழு அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாபிட் புழுவும் இந்த ருவாட்டும் ஒரே குடும்பம், யூனிசிடே. பாபிட்டுக்கும் கணு உண்டு, பக்கக் கால் உண்டு, தாடை உண்டு, தலையில் ஐந்து உணர்கொம்பு உண்டு, தோல் எண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி பல நிறத்தில் மின்னும். நீளத்திலும் சாதாரணமில்லை, ஜப்பானில் ஷிராஹாமா என்ற இடத்தில் 299 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒன்றை 2009இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது வேட்டைக்காரப் புழு. தலையை மட்டும் வெளியே வைத்துத் தாடையைத் திறந்து காத்திருக்கும். மணல்மேல் இப்படித் தளர்ந்து கிடக்காது. நீங்கள் சொல்வதில் கணுவும் இல்லை, காலும் இல்லை. இது வேறு.

கடல்_வெள்ளரிக்காய்

என் கணிப்பு: புழுவே இல்லை, பாம்பு மாதிரி நீளும் கடல் வெள்ளரி. சினாப்டா மாக்குலாட்டா. ரெண்டு மூணு மீட்டர்கூட வளரும், பவளத் திட்டில் ஊர்ந்து போகும், முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லாரும் கடல் பாம்பு என்றுதான் கத்துவார்கள்.

மோரிப்_தூண்டில்

அதற்கு வாயைச் சுற்றி இறகு மாதிரி உணர்கொம்புகள் ஒரு கொத்தாக இருக்குமே? தம்பி இரண்டு பிரிவு மட்டும் என்கிறாரே.

தோட்டத்து_டீச்சர்

தெரெங்கானுவில் கடல் உயிரியல் படித்தவள், இப்போது பந்திங் பக்கம் இடைநிலைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். பெயரைச் சொல்வதற்கு முன் சில விஷயம் கேட்க வேண்டும், தம்பி பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்தது முழு உயிரா, அல்லது ஒரு உயிரின் பகுதியா? அதாவது மறுமுனை எப்போதாவது இடுக்கை விட்டு வெளியே வந்ததா? நாடா உருண்டையா, தட்டையா? ஓரங்கள் மேல்பக்கம் மடங்கி நடுவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருந்ததா? அந்தப் பள்ளத்தில் மணலோ தூசியோ நகர்ந்ததா, நகர்ந்தால் நுனிப் பக்கமா, இடுக்குப் பக்கமா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நிறத்தை நான் கேட்கவில்லை, ஆழத்தில் டார்ச் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் நிறத்தை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு உயிர் எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பந்திங்_டைவர்

டீச்சர், கேட்டதற்காகவே வீடியோவை மறுபடி போட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். என் நண்பர் கேமராவில் சிவப்பு விளக்கு இருந்தது. வெள்ளை டார்ச்சை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தோம், அது மறுபடி மெதுமெதுவாக வெளியே வந்தது. அந்தத் துண்டுதான் தெளிவாக இருக்கிறது.

தட்டைதான். இரண்டு ஓரமும் மேலே மடங்கியிருக்கிறது. நடுப் பள்ளத்தில் மணல் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன, எல்லாமே இடுக்கை நோக்கி! வழவழப்பான ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி தெரிகிறது. நாடா அசையாமல் இருக்கும்போதும் துகள்கள் மட்டும் போகின்றன. மறுமுனை வெளியே வரவே இல்லை. பின்னால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதா என்றே எங்களுக்குத் தெரியாது.

தோட்டத்து_டீச்சர்

அப்படியானால் சொல்லிவிடலாம். நீங்கள் பார்த்தது கரண்டிப் புழு வகையில் பொனெலிடே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, அதிலும் பெண். வெளியே தெரிந்தது உடம்பே இல்லை, அதன் துதிக்கை மட்டும்தான். உடம்பு பாறை இடுக்குக்குள் பை மாதிரி இருக்கும், அது வெளியே வருவதே இல்லை. துதிக்கையின் அடிப்பகுதியில் வாய். பள்ளத்தில் நுண்ணிய இழைகள் வரிசையாக அடித்துக்கொண்டே இருக்கும், கூடவே சளி சுரக்கும். மணலில் படிந்த உணவுத் துகள்கள் அந்தச் சளியில் ஒட்டி வாய்க்குப் போய்ச் சேரும். உங்கள் வீடியோவில் மணல் நகர்வது அதுதான். நுனி இரண்டாகப் பிரிவதும், தொட்டாலோ வெளிச்சம் பட்டாலோ மொத்தமும் சுருங்குவதும் இதற்குப் பொருந்துகிறது. இடுக்கிலும் நிழலிலும் வாழும் உயிர், மாலைக்குப் பிறகு பார்க்கக் கிடைப்பது இயல்பு.

இந்தக் குடும்பத்தில் நன்றாக ஆராயப்பட்டது பொனெலியா விரிடிஸ். மத்தியதரைக் கடலில் முதலில் விவரிக்கப்பட்டது. பெண்ணின் உடம்பு 15 சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் துதிக்கை ஒரு மீட்டர்வரை நீளும். அந்தப் பச்சை நிறத்துக்குக் காரணம் பொனெலின் என்ற நிறமி. வெளிச்சம் பட்டால் அது நச்சாகச் செயல்படும், பாக்டீரியாவையும் சின்ன உயிர்களின் லார்வாவையும் கொல்லும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நீந்தும் மனிதருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கடிப்பதற்குத் தாடையும் இல்லை. பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், தொடாமல் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் உடனே பொனெலியா விரிடிஸ் படம்தான் வந்து நிற்கும், ஏனென்றால் அதைப் படம் எடுத்தவர்கள்தான் அதிகம். அதைப் பார்த்துவிட்டு நம் தியோமான் புழுவுக்கும் அதே பெயரை ஒட்டிவிடாதீர்கள். இந்தக் குடும்பத்தில் இனம் பிரிக்க உடம்பைத் திறந்து உள்ளே இருக்கும் கழிவுக் குழல்கள் எத்தனை, ஆசனவாய்ப் பக்கத்துப் பைகள் எப்படி, வாய்க்குக் கீழே உள்ள முட்கள் எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டும். துதிக்கைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பம்வரை சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அது ஊகம்.

ஜுக்ரா_மலை

டீச்சர், மறுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நாடாப் புழு ஏன் இருக்கக்கூடாது? அதுவும் வழவழப்பு, கணு இல்லை, சுருங்கும், நீளும். ஸ்காட்லாந்தில் 1864இல் புயலுக்குப் பிறகு கரை ஒதுங்கிய ஒன்று 55 மீட்டர் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அல்லது தட்டைப் புழு? மழை பெய்து முடிந்ததும் செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் சிமெண்டுத் தரையில் மண்வெட்டித் தலையோடு ஒன்று வழுக்கிக்கொண்டு போகுமே, அதன் கடல் உறவுக்காரன் எதுவாவது?

தோட்டத்து_டீச்சர்

நல்ல கேள்வி, இரண்டையும் விலக்கித்தான் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் தரைப் புழு பைபேலியம், அது தட்டைப் புழுதான், கடலில் அதன் உறவுகள் நிறைய. ஆனால் தட்டைப் புழு முழு உடம்போடு ஊர்ந்து திரியும். பாறைமேல் தாள் மாதிரி மெல்லிசாக வழுக்கிப் போகும், சிலது ஓரத்தை அலைத்து நீந்தும். அதன் முன்பக்கம் இரண்டு மடிப்பு கொம்பு மாதிரி நிற்பதைச் சிலர் பிளவு என்று சொல்வார்கள், ஆனால் அது ஒரு சில மில்லிமீட்டர்தான். அதோடு ஒரு முனையை எங்கேயோ விட்டுவிட்டு மறுமுனையால் மேயும் பழக்கம் அதற்குக் கிடையாது.

நாடாப் புழு கொஞ்சம் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். நம் பவளத் திட்டுகளில் பேஸியோடிஸ்கஸ் ஹெம்ப்ரிக்கி என்று ஒன்று உண்டு, வெள்ளை உடம்பில் முதுகு நடுவே கருஞ்சிவப்புக் கோடு, பார்த்தால் மறக்க முடியாது. அவையும் இடுக்கிலிருந்து நீளும். ஆனால் நாடாப் புழு வேட்டையாடும், தலைக்குள்ளிருந்து ஒரு குழலை எறிந்து இரையைப் பிடிக்கும். முதுகில் பள்ளம் வைத்து மணலைக் கடத்தாது. தம்பியின் வீடியோவில் துகள்கள் இடுக்குப் பக்கம் போவதுதான் எனக்குத் தீர்ப்பு. அந்த ஒன்று இல்லாமல் இருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

சுங்கை_மங்கிஸ்

இவ்வளவு குழப்பம் எதற்கு, அடுத்த தடவை போகும்போது பாறையைக் கொஞ்சம் நகர்த்தி உடம்பை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டால் முடிந்தது.

மோரிப்_தூண்டில்

வேண்டாம் தம்பி. தியோமான் சுற்றுக் கடல் 1994இலிருந்து கடற்பூங்கா. கரையிலிருந்து 2 கடல் மைல்வரை மீன்வளச் சட்டம் 1985இன் கீழ் பாதுகாக்கப்பட்ட இடம். அனுமதி இல்லாமல் பவளத்தையோ உயிரையோ எடுப்பது குற்றம். நான் புழுவை வெட்டி எடுத்து இரையாகப் போடுகிறவன், அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு இடம் இருக்கிறது, அது பூங்காவுக்குள் இல்லை.

தோட்டத்து_டீச்சர்

அண்ணன் சொன்னது சட்டம். நான் சொல்வது புழுவின் பக்கம்: இழுத்தால் துதிக்கை அறுந்து கையில் வரும், உடம்பு உள்ளேயே இருக்கும். நீங்கள் பார்க்க நினைத்தது கிடைக்காது, அது சாப்பிட வைத்திருக்கும் ஒரே உறுப்பும் போய்விடும். பாறையைப் புரட்டினால் அடியில் ஒட்டி வாழும் பஞ்சுயிர், சிப்பி, சின்ன நண்டு எல்லாம் வெளிச்சத்தில் கிடந்து சாகும். ஒரு பெயருக்காக இதைச் செய்யாதீர்கள். உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கடல்_வெள்ளரிக்காய்

டீச்சர், முதலில் "அதிலும் பெண்" என்று எழுதினீர்களே. படத்தைப் பார்த்து அது எப்படித் தெரியும்?

தோட்டத்து_டீச்சர்

கண்ணால் பார்க்கக் கிடைத்ததே, அதனால்தான். பொனெலியாவில் ஆண் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். துதிக்கை கிடையாது, தனியாக வாழ்வதும் கிடையாது. பெண்ணின் உடலுக்குள், இனப்பெருக்கப் பைக்குள் இருந்துகொண்டு முட்டைகளைக் கருவுறச் செய்வது மட்டும்தான் அதன் வேலை. வெளியே நாடா நீட்டிக்கொண்டு இருப்பது எப்போதும் பெண்தான்.

இன்னும் ஒன்று, இதைப் படித்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. லார்வா பிறக்கும்போது ஆணா பெண்ணா என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்காது. மிதந்து போய் வெறும் தரையில் இறங்கினால் பெண்ணாக வளரும், அதற்குச் சில வருடம்கூட ஆகலாம். வளர்ந்த பெண்ணின் துதிக்கையில் போய் ஒட்டிக்கொண்டால் ஆணாகிவிடும். ஃபிரிட்ஸ் பால்ட்சர் என்ற சுவிஸ் ஆய்வாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதனை செய்து காட்டியது இது. நம் பிள்ளைகள் எக்ஸ், ஒய் குரோமோசோம் மட்டும்தான் பாலைத் தீர்மானிக்கும் என்று மனப்பாடம் செய்கிறார்கள், அவர்களுக்கு இந்த வீடியோவைக் காட்டிப் பாடம் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தம்பி அனுமதி கொடுத்தால் வகுப்பில் போடுவேன்.

பந்திங்_டைவர்

தாராளமாக டீச்சர்! ஒரு சந்தேகம், கணுவே இல்லாத இதைப் புழு என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்? மோரிப் அண்ணன் ருவாட்டில் கணுவை எண்ணிக் காட்டுகிறாரே.

தோட்டத்து_டீச்சர்

ரொம்ப நாள் கரண்டிப் புழுக்களைத் தனித் தொகுதியாகத்தான் வைத்திருந்தார்கள், காரணம் நீங்கள் கேட்டதுதான். 1997இல் வந்த மரபணு ஆய்வு அவற்றை வளைய உடலிகளுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. பின்னால் லார்வாவின் நரம்பைப் பார்த்தபோது அதில் கணு வரிசை மாதிரி ஒழுங்கு தெரிந்தது. வளரும்போது அது மறைந்துவிடுகிறது. ஆக, மோரிப் அண்ணனின் வாளியில் இருப்பதும் ரெங்கிஸ் பாறையில் இருப்பதும் மண்புழுவும் ஒரே பெரிய தொகுதி.

சுங்கை_மங்கிஸ்

சரி, எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். பெர்ஹெந்தியானில் மணல்மேல் வெள்ளை நூல் நூலாகப் பரவிக் கிடந்ததைப் பார்த்தேன், உடம்பு ஒன்றும் தெரியவில்லை. அதுவும் இந்த வகையா?

தோட்டத்து_டீச்சர்

தொட்டதும் அல்லது நிழல் பட்டதும் ஒவ்வொரு நூலும் தனித்தனியாகச் சுருங்கி ஒரே குழிக்குள் போனதா? அப்படியென்றால் டெரிபெல்லிடே குடும்பம், ஸ்பகெட்டி புழு என்று டைவர்கள் சொல்வது. அந்த நூல்கள் அதன் உணர்கொம்புகள், புழு குழிக்குள் இருக்கும். நூல்கள் அசையாமல், தடிப்பாக, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தால் அது புழுவே இல்லை, பக்கத்தில் எங்கேயோ ஒரு கடல் வெள்ளரி பயந்துபோய்ப் பின்பக்கமாகக் கக்கிய இழைகள். சுற்றிலும் ஒரு மீட்டர் தேடினால் ஆள் அகப்படும்.

மோரிப்_தூண்டில்

தம்பி நச்சு பற்றிக் கேட்டாரே, அதை விட்டுவிட்டோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் பயப்பட வேண்டியது நெருப்புப் புழுவுக்கு. ராத்திரி அடிமண்ணில் இரையைப் போட்டால் சில நேரம் தூண்டிலையே கவ்விக்கொண்டு மேலே வரும், குண்டாக, இரண்டு பக்கமும் வெள்ளை முடி அடர்ந்து, முதுகு நடுவே ஒவ்வொரு கணுவிலும் ஒரு கரும்புள்ளியோடு. குளோயியா ஃப்ளாவா என்பார்கள். பார்க்க அழகு, அதனாலேயே பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். அந்த முடி கண்ணாடி மாதிரி தோலில் குத்தி உடைந்து உள்ளேயே தங்கிவிடும். எரிச்சலும் அரிப்பும் விடாது. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை மேலே அழுத்தி உரித்து எடுங்கள், ஒரு தடவையில் வராது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீக்கம் அதிகமானாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கிளினிக் போக வேண்டும்.

இணையத்தில் நெருப்புப் புழு என்று போட்டால் சிவப்பும் பச்சையுமாக வேறு ஒன்று வரும், அது அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆள். நம் கடலில் தேட வேண்டியது அதை இல்லை.

பந்திங்_டைவர்

மிக்க நன்றி எல்லாருக்கும். டேப் ஒரு சுருள் எப்போதும் பையில் இருக்கும் இனி. நவம்பரில் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளித்துவிடும், அதற்குள் இன்னொரு தடவை போக முடிந்தால் போகிறோம். அந்த இடுக்கை மறுபடி பார்க்க வேண்டும், இந்தத் தடவை என்னென்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும் டீச்சர்?

தோட்டத்து_டீச்சர்

வீடியோதான் முதலில், படத்தைவிட அது அதிகம் சொல்லும். சிவப்பு விளக்கு வைத்து எடுங்கள், நுனியிலிருந்து இடுக்குவரை முழு நீளமும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். அளவு தெரிய பக்கத்தில் அளவுகோலோ, ஆழம் காட்ட நீங்கள் கையில் கட்டும் டைவிங் கடிகாரமோ இருக்கட்டும், புழுவின்மேல் படாமல். அப்புறம் நுனிப் பிளவை நெருக்கத்தில் ஒன்று, அந்த இரண்டு கிளையும் எவ்வளவு நீளம் என்பது வகை பிரிக்கும்போது உதவும். கொஞ்சம் தள்ளி நின்று பாறையும் மணலும் தெரிய ஒன்று. ஆழம், நேரம், தண்ணீர் எவ்வளவு சூடு என்பதை மேலே வந்த உடனே எழுதிவிடுங்கள், படகுத்துறைக்கு வந்து டீ குடித்துவிட்டு எழுதலாம் என்றால் மறந்துபோகும்.

இப்போது கையில் இருக்கும் வீடியோவையும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். இனப் பெயர் கட்டாயமில்லை, குடும்பப் பெயரோடு நிறுத்தலாம். பிறகு இந்தக் குடும்பத்தையே ஆராய்கிறவர் யாராவது கண்ணில் பட்டால் அவரே பார்த்துச் சொல்வார்.

பந்திங்_டைவர்

ஏற்றிவிட்டேன். பெயர்க் கட்டத்தில் பொனெலிடே மட்டும். செயலி தானாக "விரிடிஸ்" என்று நிரப்பியது, அழித்துவிட்டேன்.

தோட்டத்து_டீச்சர்

பார்த்தேன், வீடியோவிலிருந்து எடுத்த மூன்றாவது படம் ரொம்பத் தெளிவு. இடக்குறி தியோமானின் தெக்கேக் படகுத்துறையில் விழுந்திருக்கிறது, அதை ரெங்கிஸுக்கு நகர்த்துங்கள். 8 மீட்டர் என்பதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.